அடுத்தவர் திரையில் உன் விரல்கள்

தம்பி,

நேற்று மாலை நீ போன் செய்து, அலுவலகத்தில் டீம் லீட் ஆக்கிவிட்டார்கள் என்று முதலில் அப்பாவிடம் சொன்னாய். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்லி எனக்கும் சொன்னாய். "திங்கட்கிழமையிலேர்ந்து இன்டர்வியூவும் நான்தாம்மா எடுக்கப் போறேன்" என்று நீ சேர்த்துச் சொன்னபோது உன் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதைப் போனில் சொல்ல முடியாது. சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அப்பா நடுவில் வந்து இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுவார். இப்படித்தான் நம் வீட்டில் பல பேச்சுகள் பாதியில் நின்றிருக்கின்றன. அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி.

நீ திங்கட்கிழமை போய் உட்காரப்போகும் பக்கத்தில் நான் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். பைத்தானில் கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று எங்கள் அலுவலகம் விளம்பரம் செய்தால் ரெஸ்யூமேக்கள் வந்து குவியும். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியங்கள். ஒரே ஆளே இந்த ஊர் முழுக்க வேலை தேடுகிறாரோ என்று எனக்குச் சில நாள் சந்தேகம் வரும். அதிலிருந்து சிலரைப் பொறுக்கி வீடியோவில் கூப்பிட்டால், ஒருவர் நான் கேட்டு முடிப்பதற்குள் "மிக நல்ல கேள்வி" என்று ஆரம்பிப்பார். அவருடைய மூக்குக்கண்ணாடியில் பக்கத்துத் திரையின் வெள்ளை வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருக்கும். ஏஐ எழுதித் தந்த பதிலை அவர் வாசித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் பல வருட அனுபவம் என்று போட்டிருப்பார். முதல் பாடத்திலேயே வருகிற லிஸ்டுக்கும் டிக்‌ஷனரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நெட்வொர்க் சரியில்லை என்று கேமராவை அணைத்துவிடுவார். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது, கை கழுவாமல் பரிமாறுகிறவனைப் பார்த்தால் வருகிற அருவருப்பு வருகிறது.

எங்கள் பக்கம் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதே. என் பக்கத்தில் உட்காருகிற ஒருவர் இருக்கிறார். அவர் கேட்கிற கேள்விகள் வேலைக்கு ஆகாதவை. ஃபங்ஷனுக்கு முன்கூட்டியே கொடுத்துவைக்கிற மதிப்பாக ஒரு காலி லிஸ்டை வைத்தால் என்ன ஆகும், இந்த ஒற்றை வரி எதை அச்சடிக்கும் என்று வரிசையாகப் பொறி வைப்பார். எதிரில் இருப்பவர் திணறும்போது மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, "முழிக்கிறதைப் பாருங்க, முழிக்கிறதைப் பாருங்க" என்று சிரிப்பார். அவர் முந்தின நாள்தான் இணையத்தில் அந்தக் கேள்வியைத் தேடி எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் சிரிக்கும்போது தெரிகிற வெள்ளைவெளேரென்ற பற்களைப் பார்த்தாலே எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறோம். அது முடிந்ததும் யாரோ ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. இந்தச் சேற்றில்தான் நீ காலை வைத்தாய் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் நீ எந்த இடத்தில் நின்றாய் என்பதுதான் என் கேள்வி.

ஜேசனைப் பார்த்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கும் தெரிந்த நாள்தான். ஆனால் நீ இருந்த பக்கத்திலிருந்து தெரிந்தது வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. அன்றைய நேர்காணல் என் பொறுப்பே இல்லை. எடுக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை உட்காரச் சொன்னார்கள். தெம்பனிஸ் அலுவலகத்தில், கீழே பேருந்து நிலையம் தெரிகிற அந்தச் சின்ன அறை. திரையில் வந்தவர்தான் ஜேசன், நாற்பதை நெருங்கிய ஒரு சீனர். கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வேலை போனபின் கணினிப் பயிற்சி முடித்திருக்கிறார். சட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, அடிக்கொரு தரம் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார். நான் என் பெயரைச் சொன்னேன், வேலை என்ன என்று விளக்கினேன். நான் பேசியதையெல்லாம் நீ வேறொரு வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னைப் பெற்றவளின் குரல் அது என்று முதல் வாக்கியத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் கொடுத்த கணக்கு எளிமையானது. ஒரு பட்டியலில் பொருள்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தப் பொருள் முதலில் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜேசன் தன் திரையை எனக்குத் தெரியும்படி வைத்தார். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. வேகம், தடுமாற்றமே இல்லாத வேகம். பரவாயில்லையே என்று நான் நிமிர்ந்தபோதுதான் அவருடைய கைகளைக் கவனித்தேன். ஒரு கை கன்னத்தில் இருந்தது. மறுகை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தது. எழுத்துகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தன. யாரோ அவருடைய கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்து அவருக்காக எழுதுகிறார்கள். ஏஐ பதிலை வாசித்தால் கண்டுபிடித்துவிடுகிறோம் என்பதால், இப்போது ஆளையே அமர்த்திக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்தது அன்றுதான். நேர்காணலை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது திரையில் அந்த வரி வந்தது. பார்த்த பொருள்களையெல்லாம் போட்டுவைக்க ஒரு காலி செட். அதற்கு வைத்த பெயர், ஆங்கில எழுத்தில், குட்டி.

உயர்நிலைப் பள்ளியில் நீ படித்துக்கொண்டிருந்தபோது ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்தான் உனக்குப் பைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஒன்றைப் போட்டுவைக்கிற இடத்துக்கு எல்லாரும் 'டெம்ப்' என்று பெயர் வைப்பார்கள், நீயும் அப்படி வை என்றேன். "அது நல்லாவே இல்லம்மா, நான் குட்டின்னு வெச்சுக்கறேன்" என்றாய். இந்த உலகத்தில் அப்படிப் பெயர் வைக்கிற வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தமிழ் தெரிந்த வேறு யாராவது இருக்கலாமே என்று என்னையே ஏமாற்றப் பார்த்தேன். ஜேசனிடம் ஆங்கிலத்தில், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார். பைத்தானில் அது வழக்கமாக வைக்கிற பெயர்தான் என்றார். பாவம், நெற்றியெல்லாம் வியர்வை. நான் அவரை விட்டுவிட்டு, கேமராவை நேராகப் பார்த்து, தமிழில் கேட்டேன்.

"தம்பி, சாப்பிட்டியா?"

எழுத்து நின்றது. ஒரு சொல்லின் நடுவில், பாதியில் நின்றது. கர்சர் மட்டும் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. ஜேசன் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார். நானும் நீயும் அந்தத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் திரையில் இணைப்பு துண்டிக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு வந்து போனது. நீ போய்விட்டாய்.

அந்தப் பெயரை நீ பழக்கத்தில் எழுதினாயா, இல்லை எனக்குத் தெரியட்டும் என்றே எழுதினாயா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஜேசனிடம் நான், எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். அவர் மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு, போவதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது தானே செய்து பார்க்கலாமா என்று கேட்டார். வேலைக்காக இல்லை, சும்மாதான் என்றார். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், விதி அப்படித்தான். ஆனால் எனக்கு அந்த அறையைவிட்டு எழுந்து போகக் கால் வரவில்லை. அதே பட்டியலில் ஒரே ஒரு முறை மட்டும் வருகிற பொருள்கள் எவை என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இந்த முறை அவருடைய தோள்கள் அசைந்தன. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். எழுதினார், அழித்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினார். லூப்புக்குள் ஒரு லூப், சுற்றுக்குள் சுற்று. முடித்ததும், எழுதியதை எனக்கு அனுப்பிவிட்டு, நன்றி என்று சொல்லித் தானே கேமராவை அணைத்துவிட்டார். நான் அது சரியாக ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல் எழுந்து கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

அந்த வாரம் முழுக்க நீ என் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்கிலிருந்து நீயாக வந்தாய். அப்பாவுக்கு நான் அதற்குள் சொல்லியிருந்தேன். நீ செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாய்.

"எல்லாரும் செய்றாங்க லா. நீங்க ஏம்மா இதைப் பெரிசு பண்றீங்க?"

"யாரு எல்லாரும்?"

"உங்க இன்டர்வியூ மட்டும் ரொம்ப நியாயமா? ஆபீஸ்ல என்னம்மா வேலை? எக்செல் ரிப்போர்ட்டைச் சரி பண்றது. அதுக்கு உள்ள வர, உலகத்துல யாருக்கும் தேவைப்படாத புதிரெல்லாம் போடறீங்க. பொய்யான எக்ஸாமுக்குப் பொய்யான ஆளு. சரியாப் போச்சுல்ல?"

"என் குரலைக் கேட்டியா இல்லையா?"

நீ சமையலறைக்குப் போனாய். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாய். "கேட்டேன். எந்திரிச்சு ஓடிடலாம்னுதான் இருந்துச்சு. ஆனா அவரு நடுவுல மாட்டிக்குவாரே" என்றாய். அப்பா சோபாவிலிருந்து, "விடு, வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாம். தம்பி இனிமே செய்ய மாட்டான். என்னப்பா?" என்றார். நீ, "மாட்டேன்" என்றாய். உன்னை அந்த வேலைக்குப் பிடித்தவர்கள் யார் என்று கேட்டேன். லிட்டில் இந்தியாவில் ஒரு பயிற்சி வகுப்பு, நண்பன் மூலமாகப் பழக்கம் என்றாய். காசுக்காகவா என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "அதெல்லாம் இல்லம்மா. ஜெயிக்கும்போது நல்லா இருக்கும்" என்றாய். காசுக்காக என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

உன்னுடைய முதல் இன்டர்வியூ எனக்கு மறக்கவில்லை. பாலிடெக்னிக் முடித்த கையோடு போனாய். போனவன் மாலையாகியும் வீட்டுக்கு வரவில்லை. நான் தேடிக்கொண்டு இறங்கினால், நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், செஸ் மேசைக்குப் பக்கத்தில் டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "சிரிச்சாங்கம்மா. நான் பதில் சொல்லும்போது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க" என்றாய். மேலே வர மாட்டேன் என்றாய். நானும் அங்கேயே உட்கார்ந்தேன். அப்படிச் சிரித்தவர்களைப் பழிவாங்குவதாக நினைத்துக்கொண்டுதான் நீ இதைச் செய்தாய் என்று உனக்காக நானே ஒரு காரணம் தேடிக் கண்டுபிடித்தேன். ஆனால் யோசித்துப் பார், நீ அவர்களில் யாரைத் தோற்கடித்தாய்? அன்று நீ உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், உங்களால் முடியாது, எழுந்திருங்கள், நான் செய்கிறேன் என்று சொன்னாய். அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னதற்கு நான் மசியவில்லை. மறுநாள் என் மேலாளர் சுரேந்திரனிடம் போனேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து, இங்கே சீக்கிரமாக மேலே போனவர். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தது என் மகன் என்பதையும் சொன்னேன். என்னை வேலையைவிட்டு அனுப்பலாம், விசாரணை வைக்கலாம், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ணை அகல விரித்தார்.

"உங்க பையனுங்களா மேடம்? செமையான ஆளா இருப்பான் போலயே. இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டு அந்த ஸ்பீடுல எழுதறதுன்னா சும்மாவா? நம்ம டீமுக்கு வருவானா, கேட்டுச் சொல்லுங்க."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை. உன் ரெஸ்யூமேயை அனுப்பச் சொன்னார். அன்றைய நேர்காணலைப் பற்றி நான் கொடுத்த அறிக்கையில் உன் பெயரோடு இருந்த வரியை, இது தேவையில்லை என்று எடுத்துவிட்டார். நான் அதே வரியை மறுபடி சேர்த்து, ஆள் எடுக்கும் பிரிவுக்கு நேராக அனுப்பினேன். வெளியாள் விஷயத்தில் தங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. விண்ணப்பித்தவரை மட்டும் இனி எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது என்று குறித்துவைத்துவிட்டார்களாம். முடிவில் இப்படி ஆனது: ஜேசனுக்குக் கதவு அடைந்தது, உனக்கு என் மேலாளர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். நான் செய்கிற வேலையின்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அந்த நாள் முழுக்க மேசையில் இருந்த எதையும் தொடப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு, நீ சொன்ன அந்த வகுப்பைத் தேடிப் போனேன். சிராங்கூன் சாலையின் பின்பக்கத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே பூக்கடை. படியேறும்வரை மல்லிகை வாசம், மேலே போனதும் குளிர்சாதனத்தின் ஈர வாடை. ஒரு பக்கம் காலி நாற்காலிகள், வெள்ளைப் பலகை. பலகையில் எதுவும் எழுதி அழித்த தடம்கூட இல்லை. நெற்றியில் பளிச்சென்று விபூதி வைத்த ஒருவர் எழுந்து வந்து வரவேற்றார்.

"வாங்க மேடம். உங்களுக்கா, பிள்ளைக்கா?"

"பிள்ளைக்கு. பைத்தான் வேலை."

"கோர்ஸ் வேணுமா, சப்போர்ட் வேணுமா?"

சப்போர்ட் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தவுமில்லை, சுற்றும் முற்றும் பார்க்கவுமில்லை. அரிசி ரகத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். "இன்டர்வியூ அன்னிக்கு நம்ம ஆளு பின்னாடி இருப்பாரு. பிள்ளை சும்மா முன்னாடி உக்காந்தா போதும். நம்மகிட்ட ஒரு பையன் இருக்கான் மேடம், ஈசூன் பையன், இப்ப புக்கிட் பாத்தோக்ல இருக்கான். தங்கமான கை. எதுத்தாப்புல யாரு உக்காந்தாலும் கலங்க மாட்டான். போன வாரம்கூட ஒருத்தருக்கு முடிச்சுக் குடுத்தான்."

போன வாரம். நம் வீட்டில் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, "மாட்டேன்" என்று நீ சொல்லி எவ்வளவோ நாள் ஆன பிறகு.

"அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மாவுக்கெல்லாம் எதுக்கு மேடம் தெரியணும்?"

உன்னை ஒரு சரக்காக, ஒரு கையாக, அங்கே விலை பேசிக்கொண்டிருந்தார்கள். "தெரிஞ்சிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கீழே பூக்கடைக்காரி முழம் போடவா என்று கேட்டாள், காதில் விழாததுபோல நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மீன் பையை மாடியில் ஒரு நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அது அங்கேயே கிடந்து நாறட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருந்தால் இது வேறு மாதிரிக் கடிதமாக இருந்திருக்கும். இனி என் வாசல்படி மிதிக்காதே என்று எழுதியிருப்பேன். எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் ஜேசனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும் என்று எழுதியிருந்தார். அலுவலகத்துக்கு அவரை வரவிட மாட்டார்கள். தெம்பனிஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் பார்க்கலாம் என்றேன்.

நான் போனபோது எனக்கும் சேர்த்து ஒரு கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி கிடங்கு வேலைக்கே போகிறாராம், சீருடையோடு வந்திருந்தார். மன்னிப்பை நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார் போல, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதற்கு முன் பல இடங்களுக்குத் தானாகப் போய்த் தோற்றாராம். கடைசியாகப் போன இடத்தில் ஒருவர் இவர் வயதைச் சொல்லிக் கிண்டல் செய்தாராம். அதன்பிறகுதான் அந்த மாடிக்குப் படியேறியிருக்கிறார். கேட்கக் கேட்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் மட்டுமில்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"அன்றைக்கு உங்களுக்காக எழுதியது என் மகன்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்படியா? உங்க மகன் ரொம்பப் பொறுமை லா" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார், அந்த 'லா' மட்டும் நம் எல்லாருக்கும் பொது. நேர்காணலுக்கு முதல் நாள், வராமலே இருந்துவிடலாமா என்று அவ்வளவு பயந்தாராம். நீ போனில் வெகுநேரம் பேசி, தமாஷாக ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைத்தாயாம். லூப் என்றால் என்ன என்று, கிடங்கில் வரிசையாக வருகிற பெட்டிகளை வைத்தே விளக்கினாயாம். பயிற்சியில் பணம் கட்டிப் படித்தபோது புரியாதது, நீ சொன்னபோது புரிந்ததாம். பிறகு ஏன் நீங்களே செய்யவில்லை என்று கேட்டேன். "நானே செய்து பார்க்கிறேன் என்று உங்க மகனிடம் சொன்னேன். வேண்டாம், ரிஸ்க், என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார்."

புரிகிறதா தம்பி? நீ அவருக்குக் கற்றுக்கொடுத்தாய். அவர் கற்றுக்கொண்டார். அதை அவர் நம்புவதற்குள் நீயே அதைப் பிடுங்கிக்கொண்டாய்.

எழுந்திருக்கும்போது அவர் ஒரே ஒரு விஷயம் கேட்டார். "கடைசியாக நானே எழுதினேனே, அது சரியா, தப்பா?" கேட்டுவிட்டு, பரீட்சைத் தாளை நீட்டும் பிள்ளைபோலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் அதை அவரைச் சந்திக்கப் போவதற்கு முன்னால்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். என்னிடமிருந்த சோதனைகள் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தேன். காலிப் பட்டியலைக் கொடுத்தேன், ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருகிற பட்டியலைக் கொடுத்தேன். எங்கேயும் தவறவில்லை. "சரி. முழுக்கச் சரி. பெரிய பட்டியல் என்றால் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். இன்னொரு தரம் ஆட்டினார். பிறகு கைக்குட்டையை எடுத்து, வியர்வையைத் துடைப்பதுபோல முகம் முழுக்க அழுத்தித் துடைத்துக்கொண்டார். அந்த விடையை மட்டும் கொண்டுவந்திருந்தால் நானே அவரை எடுத்திருப்பேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அது அவருக்குச் செய்கிற இன்னொரு கொடுமையாகப் போய்விடும். உங்கள் மகன் இப்போது என்ன செய்கிறார் என்று என்னிடம் கேட்டார். வேலையில் இருக்கிறான் என்றேன். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று ஓடினார்.

அதனால்தான் இந்தக் கடிதம் நான் முதலில் நினைத்த கடிதமாக இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் அருவருப்புத் தீரவில்லை, தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயந்து நடுங்கிய ஒருவரைப் போனில் சிரிக்கவைத்தவனும் நீதான் என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இந்த இரண்டு பேரில் யார் திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்காரப் போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். இப்படியே போய் உட்கார்ந்தால், எதிரில் வருகிற ஒவ்வொருவரையும் நீ சந்தேகப்படுவாய். அவர்களுடைய தோள் அசைகிறதா, கண் எங்கே போகிறது என்று வேவு பார்ப்பாய். திருடனுக்கு எல்லா வழியும் தெரியும் என்பதால் நீ கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடிக்கவும் செய்வாய். பாராட்டுவார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் குமட்டுகிறது.

உன் அலுவலகத்துக்கு நான் எழுத மாட்டேன். எழுத முடியாமல் இல்லை. நான் எழுதினால் அது புகார். நீயே போய்ச் சொன்னால் அது வேறு. இன்று சனிக்கிழமை. நாளை முழுக்க உனக்கு இருக்கிறது. அந்த மாடிக்காரரிடம் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிடு, அவருடைய எண்ணை அழித்துவிடு. திங்கட்கிழமை காலையில் முதல் ஆளைக் கூப்பிடுவதற்கு முன், உன் மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன செய்தாய், யார் யாருக்குச் செய்தாய் என்று எல்லாவற்றையும் சொல். அவரும் சுரேந்திரனைப்போல அதைச் சிரித்து விட்டுவிட்டால், சிரித்தாரே என்று நீயும் சிரித்துவிடாதே. எனக்கு இன்டர்வியூ எடுக்கிற தகுதி இப்போது இல்லை என்று நீயாகச் சொல்லி விலகிக்கொள்.

வேலை போய்விடலாம். போகட்டும். ஈசூனில் உன் அறை காலியாகத்தான் இருக்கிறது, அப்பா அதில் துணி காயப்போடுகிறார், அவ்வளவுதான். வந்து இரு. கொஞ்ச நாள் தூங்கு. பிறகு உன் பெயரில், உன் கையால், ஒரு வேலைக்கு எழுதிப் போடு. கூப்பிட்டால் போ. தெரியாததைத் தெரியாது என்று சொல். தோற்றுப்போய்த் திரும்பி வந்தால் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. கதவைத் திறந்து விடுகிறேன், சாப்பிட உட்காரலாம்.

அம்மா